புரதக் கரைசலைச் செறிவாக்க எந்தச் சவ்வு வடிகட்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈ.கோலை பாக்டீரியாவில், நிக்கலைப் பிடிக்கும் ஹிஸ்-டேக் என்ற சிறு வாலுடன் வளர்த்த புரதம் நிக்கல் பிசினிலிருந்து இறங்கிவிட்டது. கையில் 40 மி.லி. கரைசல், அதில் புரதத்தைப் பிசினிலிருந்து கழற்றச் சேர்த்த 250 மில்லிமோலார் இமிடசோல். வேண்டியதோ 1 மி.லி., அதுவும் இமிடசோல் இல்லாத சேமிப்பு பஃபரில் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசலில்). இந்தக் கட்டத்தில்தான் ஆய்வு மாணவர்கள் வடிகட்டிகளின் விலைப்பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு திகைக்கிறார்கள். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முடிந்த இடங்களில் இந்த 40 மி.லி.யையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் எத்தனை மி.லி. இருக்கிறது என்று பாருங்கள். கட்-ஆஃப் (எவ்வளவு எடையுள்ள மூலக்கூறைச் சவ்வு நிறுத்தும் என்று குறிக்கும் எண்), பிராண்ட், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அரை மி.லி.யிலிருந்து 50, 60 மி.லி. வரை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றும் வடிகட்டிக் குழாய்கள் போதும். அமிகான் அல்ட்ரா, விவாஸ்பின் என்று நம் ஆய்வகங்களில் புழங்குபவை இவைதான். 50 முதல் 400 மி.லி. வரை என்றால், நைட்ரஜன் அழுத்தத்தில் வேலை செய்யும் கலக்கிக் கலம் (ஸ்டர்டு செல்) நிதானமாக முடித்துக் கொடுக்கும். அரை லிட்டரைத் தாண்டினால் பம்ப் வைத்துக் கரைசலைச் சவ்வின் மேல் சுற்றவிடும் குறுக்கோட்ட வடிகட்டலுக்குப் போவது நல்லது. டி.எஃப்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். டயாலிசிஸ் பை இந்த வரிசையில் சேராது. அது பஃபரை மாற்றித் தரும், ஆனால் தானாகச் செறிவாக்காது.

எல்லைகளை இறுக்கமாகப் பிடிக்க வேண்டாம். 40 மி.லி.யை 15 மி.லி. குழாய்கள் இரண்டில் பிரித்து ஊற்றி, இறங்க இறங்க மீதியைச் சேர்த்து முடித்துவிடலாம். அதையே எட்டுக் குழாய்களில் பிரித்தால் நேரம் மிச்சமாகும், புரதம் மிச்சமாகாது. ஒவ்வொரு குழாயின் சவ்வும் சுவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரும் இதுவும் ஒன்றா?

இல்லை. 0.22, 0.45 மைக்ரான் ஃபில்டர்கள் பாக்டீரியாவையும் வீழ்படிவுத் துகள்களையும் நிறுத்தும். கரைந்த புரதம் அப்படியே கடந்துபோகும். புரதத்தையே நிறுத்துவது அதைவிடப் பல மடங்கு நுண்ணிய துளைகள் கொண்ட அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு. இரண்டும் தேவை. கலங்கலான கரைசலை முதலில் 0.45 அல்லது 0.22-ல் வடித்துவிட்டுத்தான் செறிவாக்கும் குழாயில் ஊற்ற வேண்டும். அந்த முதல் வடிகட்டலுக்குப் பாலிஈதர்சல்ஃபோன் அல்லது புரதம் அதிகம் ஒட்டாத பி.வி.டி.எஃப். சவ்வை எடுங்கள். நைலானும் நைட்ரோசெல்லுலோஸும் புரதத்தை நன்றாகப் பிடிக்கும், இந்த வேலைக்கு ஆகாது.

கட்-ஆஃப் எண் உண்மையில் எதைச் சொல்கிறது?

10 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்று குழாயில் அச்சிட்டிருந்தால், 10-க்கு மேல் எல்லாம் தங்கும், கீழே எல்லாம் இறங்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சவ்வின் துளைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறத்தாழ அந்த எடையுள்ள சோதனை மூலக்கூறில் பொதுவாக 90 விழுக்காடு தங்கினால் அந்த எண்ணைப் போடுகிறார்கள். மீதி 10 விழுக்காடு இறங்கிவிடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எந்த மூலக்கூறை வைத்துச் சோதித்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் இரண்டு நிறுவனங்களின் 30 கிலோடால்டன் குழாய்கள் ஒரே புரதத்திடம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது.

கைக்கணக்கு இதுதான்: புரதத்தின் எடையில் பாதிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட கட்-ஆஃபை எடுங்கள். 27 கிலோடால்டன் உள்ள ஜி.எஃப்.பி. என்னும் பச்சை ஒளிர்புரதத்துக்கு 10. 66 உள்ள மாட்டு அல்புமினுக்கு 30. 150 உள்ள ஆன்டிபாடிக்கு 50; இன்னும் பாதுகாப்பாக வேண்டுமென்றால் 30. 14.3 கிலோடால்டன் லைசோசைமுக்கு 10 போட்டால் கசியும் வாய்ப்பு இருக்கிறது; 3 அல்லது 5 பாதுகாப்பானது, ஆனால் மிக மெதுவாக இறங்கும். உங்கள் புரதம் இருமடியாகவோ நான்மடியாகவோ சேர்ந்து நிற்பது என்றால் மொத்த எடையைக் கணக்கில் எடுக்கலாம். செறிவு குறைவாக இருக்கும்போது அந்தக் கூட்டு பிரியாது என்ற உறுதி இருந்தால் மட்டும்.

எடையைப் போலவே வடிவமும் முக்கியம். உருண்டையான புரதம் நிற்கும் சவ்வில், அதே எடையுள்ள நீளமான மூலக்கூறு நுனியை நுழைத்துக் கடந்துவிடும். மறுபுறம், யூரியாவில் மடிப்புக் கலைந்து விரிந்த புரதம் தன் எடையைவிடப் பெரிதாகத் தெரியும். 2009-ல் வெளியான ஃபாஸ்ப் என்னும் புரோட்டியோமிக்ஸ் (மாதிரியில் உள்ள புரதங்களை மொத்தமாக ஆராயும்) முறை இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதில் 30 கிலோடால்டன் சவ்வின் மேலேயே சின்னப் புரதங்களையும் தங்கவைத்துக் கழுவி, ட்ரிப்சினால் வெட்டி, பெப்டைடுகளை மட்டும் கீழே இறக்குகிறார்கள்.

அமிகானா, விவாஸ்பினா?

இரண்டுமே நல்லவை. பிராண்டைவிடச் சவ்வு என்ன பொருளால் ஆனது என்பதுதான் வித்தியாசத்தைத் தருகிறது. அமிகான் அல்ட்ராவில் இருப்பது மறுவுருவாக்கிய செல்லுலோஸ். விவாஸ்பினில் பெரும்பாலும் பாலிஈதர்சல்ஃபோன். சில அளவுகளில் செல்லுலோஸ் ட்ரைஅசிடேட், ஹைட்ரோசார்ட் என்ற செல்லுலோஸ் சவ்வுகளும் கிடைக்கும். இரண்டு பிராண்டிலும் சவ்வைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் கொஞ்சம் கரைசல் வடியாமல் தங்க இடம் விட்டிருப்பார்கள். மறந்துபோய் அதிக நேரம் சுற்றிவிட்டாலும் புரதம் முற்றிலும் காய்ந்துவிடாது. 15 மி.லி. அமிகானில் கடைசியில் ஏறக்குறைய 150 முதல் 300 மைக்ரோலிட்டர் நிற்கும். அரை மி.லி. குழாயில் நிற்பது 15–20 மைக்ரோலிட்டர். அதைத் தலைகீழாகத் திருப்பி, புதுக் குழாயில் வைத்து, 1,000 ஜி விசையில் 2 நிமிடம் சுற்றி எடுத்துக்கொள்ளலாம்.

விவாஸ்பின் 20-க்கு ஒரு தனி வசதி உண்டு: அழுத்த மூடி போட்டால் சென்ட்ரிஃப்யூஜ் இல்லாமல் வாயு அழுத்தத்திலேயே வேலை செய்யும். குளிரூட்டிய பெரிய சென்ட்ரிஃப்யூஜுக்கு வரிசையில் காத்திருக்கும் துறைகளில் இது உதவும்.

சவ்வின் பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீர்த்த கரைசல், மைக்ரோகிராம் கணக்கில் புரதம், எளிதில் ஒட்டிக்கொள்ளும் புரதம் என்றால் மறுவுருவாக்கிய செல்லுலோஸ். நீரை விரும்பும் பரப்பு என்பதால் புரதம் குறைவாகவே ஒட்டும். பாலிஈதர்சல்ஃபோன் வேகமானது, பி.எச். 1 முதல் 14 வரை தாங்கும், காரத்தால் கழுவலாம். ஆனால் ஒட்டுதல் சற்றுக் கூடுதல். மில்லிகிராம் கணக்கில் புரதம் இருந்தால் அந்த இழப்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது. செல்லுலோஸ் ட்ரைஅசிடேட் காரத்தில் சிதையும். பி.எச். 8-க்கு மேல் உள்ள டிரிஸ் பஃபரில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இந்தச் சவ்வுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் அடர்ந்த தோல், கீழே அதைத் தாங்கும் தளர்வான துளைப்பரப்பு. வடிகட்டுவது தோல் மட்டும்தான், அதனால்தான் நீர் இத்தனை வேகமாக இறங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் கடல்நீரைக் குடிநீராக்குவதற்காக 1960-ஐ ஒட்டி உருவாக்கிய சவ்வின் அமைப்பு இது. நாம் புரதத்துக்குப் பயன்படுத்துவது அதன் வழிவந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

முதல் பத்து நிமிடம் வேகமாக இறங்கியது, பிறகு நின்றேவிட்டது. சவ்வு அடைத்துக்கொண்டதா?

பெரும்பாலும் அடைப்பு இல்லை. நீர் சவ்வைக் கடந்துபோகும்போது புரதம் பின்தங்கி, சவ்வுக்கு ஒட்டினாற்போல ஒரு செறிந்த அடுக்காகக் குவிகிறது. தேங்காய்ப்பாலை வடிகட்டும்போது சக்கை துணியில் படிந்து பால் இறங்காமல் நிற்கும். கையால் ஒரு முறை கலைத்துவிட்டால் மறுபடி இறங்கும். இங்கேயும் அதே மருந்துதான். 5–10 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, பிப்பெட்டால் நுரை வராமல் மெதுவாகக் கலக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். பிப்பெட் நுனி சவ்வைத் தொடவே கூடாது. ஒரு கீறல் போதும், புரதம் கீழே போய்விடும்.

கலக்குவதால் வேகம் மட்டுமல்ல, புரதமும் பிழைக்கிறது. கரைசலின் சராசரிச் செறிவு 5 மி.கி./மி.லி. என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, சவ்வை ஒட்டிய அடுக்கில் அது பல மடங்கு இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டி வீழ்படிவாகும் இயல்புள்ள புரதம் முதலில் திரள்வது அங்கேதான்.

வேகம் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பஃபரில் 10 விழுக்காடு கிளிசரால் இருந்தால் கரைசல் பிசுபிசுத்து மெதுவாகும். 4 டிகிரியில் நீரின் பாகுத்தன்மை 25 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1.75 மடங்கு. அதனால் அறை வெப்பநிலையில் 20 நிமிடம் எடுப்பது குளிரில் 35 நிமிடம் ஆவது இயல்புதான். பொறுமை இல்லாமல் விசையைக் கூட்டாதீர்கள்.

எத்தனை ஆர்.பி.எம்.மில் சுற்ற வேண்டும்?

ஆர்.பி.எம்.மைச் சொன்னால் எதுவும் சொன்னதாகாது. ஜி விசையைக் கேளுங்கள். ரோட்டரின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். ஆரம் 10 செ.மீ., 6,000 ஆர்.பி.எம். என்றால் ஏறத்தாழ 4,000 ஜி. ஆரம் 15 செ.மீ., 4,000 ஆர்.பி.எம். என்றால் 2,700 ஜி தான்.

அமிகான் 15 மி.லி. குழாய்க்கு ஸ்விங்-அவுட் ரோட்டரில் 4,000 ஜி, சாய்வாகப் பிடிக்கும் ரோட்டரில் 5,000 ஜி. சாய்ந்த ரோட்டரில் 12 மி.லி.க்கு மேல் ஊற்றக் கூடாது. அரை மி.லி. குழாய்க்கு 14,000 ஜி. சாய்ந்த ரோட்டரில் சவ்வு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அதை ஒரு முறையாவது பாருங்கள்.

இமிடசோலை எடுக்க டயாலிசிஸா, அதே குழாயிலேயே கழுவுவதா?

இங்கே ஒரு அடிப்படைக் குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். 15 மி.லி.யை 1 மி.லி.யாக்கினால் புரதம் 15 மடங்கு செறிகிறது. இமிடசோல் அதே 250 மில்லிமோலாரில்தான் நிற்கிறது. அது சவ்வைத் தாராளமாகக் கடப்பதால் மேலேயும் கீழேயும் ஒரே அளவு. புதுப் பஃபர் ஊற்றினால்தான் குறையும். அந்த 1 மி.லி.யை மறுபடி 15 ஆக்கினால் 16.7 மில்லிமோலார். சுற்றி 1-க்குக் கொண்டுவந்து மறுபடி 15 ஆக்கினால் 1.1. இன்னொரு முறை செய்தால் 0.07. மூன்று நிரப்பல்கள் போதும்.

டயாலிசிஸில் 10 மி.லி.யை 1 லிட்டர் பஃபரில் போட்டால் சமநிலையில் ஏறத்தாழ 2.5 மில்லிமோலார். பஃபரை ஒரு முறை மாற்றினால் 0.025. கணக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும், பஃபர் லிட்டர் கணக்கில் செலவாகும், கரைசல் சிறிது நீர்க்கவும் செய்யும்.

அப்படியிருந்தும் சில புரதங்களுக்கு நான் டயாலிசிஸையே சொல்வேன். உப்புச் செறிவு சட்டென மாறினால் வீழ்படிவாகும் புரதம், யூரியாவிலிருந்து மெல்ல மெல்ல மடிய வேண்டிய புரதம், சவ்வின் அருகே குவிவதைத் தாங்காத புரதம், இவற்றுக்கெல்லாம் டயாலிசிஸின் மந்தகதிதான் மருந்து. முதலில் டயாலிசிஸ், பிறகு சென்ட்ரிஃப்யூஜ் குழாயில் செறிவாக்கல் என்ற வரிசை நேரத்தைத் தின்னும், ஆனால் புரதத்தைக் காப்பாற்றும்.

கலக்கிக் கலம் பழைய காலத்துக் கருவி இல்லையா?

பழையதுதான். இன்றும் பயனுள்ளது. 50, 200, 400 மி.லி. கொள்ளும் அமிகான் கலங்கள் பல துறைகளின் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. அடியில் வட்டமான சவ்வு, அதற்கு மேல் சவ்வைத் தொடாமல் தொங்கும் காந்தக் கலக்கி, மேலிருந்து நைட்ரஜன் அழுத்தம். கலக்கி ஓடிக்கொண்டே இருப்பதால் செறிந்த அடுக்கு தங்குவதில்லை. அவ்வப்போது நிறுத்திக் கலக்க வேண்டிய வேலையும் இல்லை. குளிர் அறையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சவ்வு வட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பதால், அடிக்கடி 200 மி.லி. செய்பவர்களுக்கு நீண்ட நாளில் செலவும் குறைவு.

கவனிக்க வேண்டியவை சில. சவ்வின் பளபளப்பான பக்கம் மேலே, கரைசலைப் பார்த்து இருக்க வேண்டும். பயன்படுத்தும் முன் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி தண்ணீரில் ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, இடையில் தண்ணீரை மாற்றுங்கள். காப்புக்காகப் பூசிய கிளிசரின் போய்விடும். அழுத்தத்தை 55 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் பெரும்பாலான சவ்வுகளுக்குப் போதும். சிலிண்டரின் ரெகுலேட்டரைச் சரிபார்க்காமல் கலத்தை இணைக்காதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதன் அருகே நிற்காதீர்கள். வேலை முடிந்ததும் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகே மூடியைத் தொட வேண்டும்.

குறுக்கோட்ட வடிகட்டல் எப்போது லாபம்?

கரைசலைச் சவ்வுக்குள் அழுத்தாமல், சவ்வின் மேல் ஓடவிடுவதுதான் இதன் அடிப்படை. ஓட்டமே பரப்பைத் துடைத்துக்கொண்டு போகிறது. சுரக்கும் புரதத்துக்காக வளர்த்த செல் வளர்ப்பு ஊடகம் 2 லிட்டர், பிகியா ஈஸ்டின் ஊடகம் 5 லிட்டர் என்று வந்தால் வேறு வழியைத் தேடாதீர்கள். மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துத் தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் செறிவாக்கலும் பஃபர் மாற்றமும் நடப்பது இதே முறையில், பெரும்பாலும் 30 கிலோடால்டன் கேசட்டுகளில்தான்.

தட்டையான கேசட்டுக்கும் உள்ளீடற்ற இழைகளுக்கும் இடையே தேர்வு வரும். தெளிந்த புரதக் கரைசலுக்குக் கேசட் வேகமானது. அதன் வழித்தடங்களில் உள்ள வலை ஓட்டத்தைக் கலைத்துவிடும். துகள்கள் இருந்தாலோ, லென்டிவைரஸ் போன்ற மென்மையான சரக்கு என்றாலோ இழைகள் மேல். அரை முதல் ஒரு மி.மீ. விட்டமுள்ள திறந்த குழல்கள் என்பதால் அடைப்பும் குறைவு, உராய்வும் குறைவு. விவாஃப்ளோ, மினிமேட் போன்ற சிறிய கேசட்டுகளைச் சாதாரணப் பெரிஸ்டால்டிக் பம்பில் ஓட்டலாம்.

உள்ளே நுழையும் அழுத்தத்தையும் திரும்பி வரும் அழுத்தத்தையும் கூட்டிப் பாதியாக்கி, வடிநீர்ப் பக்க அழுத்தத்தைக் கழித்தால் சவ்வைக் கடக்கும் அழுத்தம் கிடைக்கும். அதைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் வடிநீர் கூடாது, அடுக்குதான் தடிக்கும். அந்தக் கட்டத்துக்குச் சற்றுக் கீழே நில்லுங்கள்.

பஃபர் மாற்றத்தில், வடிந்த அளவுக்குப் புதுப் பஃபரை விட்டுக்கொண்டே கொள்ளளவை மாறாமல் வைத்தால், அந்தக் கொள்ளளவைப்போல் 3 மடங்கு பஃபருக்குப் பின் பழைய உப்பில் 5 விழுக்காடும், 5 மடங்குக்குப் பின் 0.7 விழுக்காடும், 7 மடங்குக்குப் பின் 0.1 விழுக்காடும் மிஞ்சும். அதனால் முதலில் செறிவாக்கிவிட்டுப் பிறகு கழுவுவது சிக்கனம்: 1 லிட்டரை அப்படியே கழுவ 7 லிட்டர் பஃபர், 200 மி.லி.யாக்கிக் கழுவ 1.4 லிட்டர். ஆனால் குழாய்களிலும் பம்பிலும் தங்கும் கரைசலையும் எண்ணிப்பாருங்கள். 100 மி.லி. சரக்கை இதில் போட்டு 2 மி.லி. ஆக்க நினைத்தால், பாதி குழாய்களிலேயே நின்றுவிடும்.

டிடர்ஜென்டில் கரைத்துவைத்த, செல் சவ்வில் வாழும் புரதத்துக்கு?

டி.டி.எம். போன்ற டிடர்ஜென்டுகள் தனி மூலக்கூறுகளாக அல்லாமல் மைசெல்கள் என்னும் சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். டி.டி.எம். மைசெல் ஏறத்தாழ 70 கிலோடால்டன். 30 அல்லது 50 கட்-ஆஃபில் சுற்றினால் காலி மைசெல்களும் புரதத்தோடு சேர்ந்து செறியும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். படிகமாக்கலும் கிரையோ மின்னணு நுண்ணோக்கியும் தோற்கும்போதுதான் டிடர்ஜென்ட் குவிந்தது தெரியும். புரதம்-மைசெல் கூட்டின் மொத்த எடை இடம் கொடுத்தால் 100 கிலோடால்டன் குழாயை எடுங்கள். வடிநீரில் புரதம் இறங்குகிறதா என்று முதல் 5 நிமிடத்திலேயே சோதித்துவிடுங்கள்.

செறிவாக்கிய பின் புரதத்தைக் காணவில்லை. எங்கே போயிருக்கும்?

மூன்று இடங்களில் தேடுங்கள். முதலில் வடிநீர். அதனால்தான் அளவிடும்வரை வடிநீரைக் கொட்டவே கூடாது என்று ஒவ்வொரு புது மாணவரிடமும் வற்புறுத்துகிறேன். சவ்வு கிழிந்திருந்தாலும் கட்-ஆஃப் தவறாக இருந்தாலும் உங்கள் வாரம் முழுவதன் உழைப்பும் அந்த அடிக்குழாயில் பத்திரமாக இருக்கும். புதுக் குழாயில் மறுபடி தொடங்கிவிடலாம். 280 நானோமீட்டரில் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இமிடசோலும் அங்கே சற்று ஒளியை உறிஞ்சும். வடிநீரை நிக்கல் எலூஷன் பஃபரோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும், வெறும் தண்ணீரோடு அல்ல.

வடிநீரில் இல்லை என்றால் சவ்வின் மேல். 200 மைக்ரோலிட்டர் புதுப் பஃபர் விட்டு, சவ்வின் பரப்பை மெதுவாகக் கழுவி எடுத்தால் கணிசமாகத் திரும்பி வரும். மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்பவர்கள் குழாயை முன்கூட்டியே 1 விழுக்காடு அல்புமின் அல்லது 5 விழுக்காடு ட்வீன்-20 கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். அடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்குப் போகும் மாதிரி என்றால் இதைச் செய்யாதீர்கள், அந்த அல்புமினும் ட்வீனும் அங்கே வந்து நிற்கும்.

மூன்றாவது, வீழ்படிவு. கரைசல் பாலாக வெளுத்திருந்தால் நிறுத்துங்கள். பி.எச். உங்கள் புரதத்தின் சமமின் புள்ளிக்கு (அதன் நிகர மின்னேற்றம் சுழியாகும் பி.எச்.சுக்கு) அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அலகாவது தள்ளி வையுங்கள். உப்பைக் கூட்டிப் பார்க்கலாம். அர்ஜினினும் குளூட்டமேட்டும் தலா 50 மில்லிமோலார் சேர்ப்பது பல புரதங்களைக் கரைசலில் நிறுத்திவைக்கிறது. எதுவும் உதவவில்லை என்றால், அந்தப் புரதம் ஏற்றுக்கொள்ளும் செறிவு அவ்வளவுதான்.

புதுக் குழாயைக் கழுவாமல் பயன்படுத்தலாமா?

வழக்கமான வேலைக்கு ஒரு முறை பஃபர் விட்டுச் சுற்றினால் போதும். சவ்வு காயாமல் இருக்கப் பூசும் கிளிசரின் என்.எம்.ஆர். நிறமாலையில் பெரிய சிகரங்களாகத் தெரியும். அந்த வேலைக்குப் பல முறை தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு முறை நனைந்த சவ்வு மறுபடி காயக் கூடாது. கழுவியதும் பயன்படுத்துங்கள், அல்லது மேலே சிறிது பஃபர் விட்டு வையுங்கள்.

இரண்டு புரதங்களைச் சவ்வால் பிரிக்க முடியுமா?

எடையில் ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம் இருந்தால் முயலலாம். 66-லிருந்து 27-ஐப் பிரிக்க 50 கிலோடால்டன் குழாய் வாங்குவது பணத்துக்குக் கேடு. செறிந்த அடுக்கு உருவானதும் அந்த அடுக்கே ஒரு வடிகட்டியாகி, கடக்க வேண்டிய சின்னப் புரதத்தையும் நிறுத்திவிடும். அதற்கு ஜெல் ஃபில்ட்ரேஷன் இருக்கிறது. டேக் வெட்டிய பின் துண்டுப் பெப்டைடை அகற்றுவது, சாயம் பூசிய ஆன்டிபாடியிலிருந்து ஒட்டாத சாயத்தை நீக்குவது போன்றவற்றுக்குச் சவ்வு சிறப்பாகப் பயன்படும்.

குழாய்களைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

தயாரிப்பாளர்கள் ஒரு முறைக்கென்றுதான் விற்கிறார்கள். விலையைப் பார்க்கும்போது நம் ஆய்வகங்களில் அப்படித் தூக்கிப்போட முடிவதில்லை என்பதும் உண்மை. ஒரே புரதம், ஒரே பஃபர், ஒரே ஆள் என்றால் கழுவி, சவ்வு நனைந்திருக்கும்படி 20 விழுக்காடு எத்தனாலில் குளிரில் வைத்து மறுபடி பயன்படுத்துவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். குழாயின் மேல் புரதத்தின் பெயரை எழுதுங்கள். என்சைம் வேலைக்கும் படிகமாக்கலுக்கும் புதுக் குழாய்தான். வேறொரு புரதத்துக்குப் பயன்படுத்திய குழாயை ஒருபோதும் எடுக்காதீர்கள். முந்தைய மாதிரியில் இருந்த சிறிதளவு புரோட்டியேஸ் போதும், உங்கள் புரதத்தை வெட்ட.

குறுக்கோட்டக் கேசட்டுகள் மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவே செய்யப்பட்டவை. வேலை முடிந்த உடனே 0.1 முதல் 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சுற்றவிட்டு, தண்ணீரால் கழுவி, அதே அழுத்தத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. தண்ணீர் வடிகிறது என்று அளந்து நோட்டில் குறித்துவையுங்கள். புதிதாக வாங்கிய அன்று எடுத்த அளவோடு ஒப்பிட்டால் சவ்வின் நிலை தெரியும். கழுவிய பின்னும் அது திரும்பாவிட்டால், சூடான காரத்தால் இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டுக் கேசட்டை மாற்றுங்கள். சேமிக்க 0.1 மோலார் ஹைட்ராக்சைடு போதும். அடுத்த முறை ஊற்றும் முன் வடிநீரின் பி.எச். பஃபரின் பி.எச்.சுக்கு வரும்வரை கழுவ மறக்காதீர்கள்.